பிரஷர் பார்க்க மூன்று விரலா, காற்றுப்பட்டையா?

ஆயுர்வேத வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கிறார்: ஆள்காட்டி விரலடியில் வாதம், நடுவிரலடியில் பித்தம், மோதிர விரலடியில் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. எந்தத் தோஷம் மிஞ்சியிருக்கிறது என்பதே அவர் கேள்வி. 160/100 என்ற ரத்த அழுத்த எண் அந்தக் கணக்கிலேயே கிடையாது.

நாடி பார்க்கும் முறை ஆயுர்வேதத்தின் ஆதி ஆசிரியர்களான சரகரும் சுசுருதரும் சொன்னதல்ல. பின்னால் வந்த சார்ங்கதர சம்ஹிதை என்ற நூலில்தான் காணக்கிடைக்கிறது. வாத நாடி பாம்பு, அட்டை போல ஊரும். பித்தம் காகம், தவளை போலத் தாவும். கபம் அன்னம், புறா போல நடக்கும் என்கிறது அது. நம் சித்த மருத்துவப் பாடலோ அன்னத்தை வாதத்துக்குக் கொடுத்துவிட்டு, பாம்பையும் தவளையையும் ஐயத்தில், அதாவது கபத்தில், சேர்க்கிறது. துடிப்பது அதே நாடிதான். மரபு மாறினால் பிராணியும் மாறிவிடுகிறது. எனக்கு இங்கேதான் உதைக்கிறது.

புஜத்தில் சுற்றிக் காற்றடித்து அழுத்தம் அளக்கும் காற்றுப்பட்டையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். அதனுடன் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்கும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ் சொன்னார். இதுவும் தவறும். பட்டை சிறியதாக இருந்தால், பேசிக்கொண்டே அளந்தால், கால்மேல் கால் போட்டிருந்தால் எண் ஏறிவிடும். ஆனால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்தால் பிழை பிடிபடும். விரல் உணர்ந்ததை மறுநாள் எதனோடு ஒப்பிடுவது?

அதற்காக மணிக்கட்டில் விஷயமே இல்லை என்று ஆகாது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் மகமதுவின் பேரனான மருத்துவர் ஃபிரடெரிக் அக்பர் மகமது, 1870களில் லண்டனில் மணிக்கட்டு நாடியின் அலையைக் கருவியால் வரைந்தே உயர் அழுத்தத்தை அடையாளம் கண்டார். அவருக்கும் வெறும் விரல் போதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பெரும்பாலானோருக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே, "பித்தம் தணிந்துவிட்டது" என்று நாடி பார்த்தவர் சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. பட்டை சுற்றி அளந்துவிட்டு, மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் விரலுக்கு என் ஓட்டு. துடிப்பு தாறுமாறாக ஓடினால் தானியங்கிக் கருவியின் எண் தடுமாறும். பழகிய விரலுக்கோ அந்த ஒழுங்கின்மை சட்டென்று தட்டுப்படும். வைத்தியர் அப்படி ஏதும் சொன்னால், அன்றே போய் இசிஜி எடுத்துவிடுங்கள்.