தினமும் கட்ட எது நல்லது: சாவி கொடுக்கிற ஜனதாவா, தானாக ஓடும் சீக்கோவா?

போன மாதம் தங்கை மகன் போன் செய்து கேட்டான். "மாமா, வேலைக்குச் சேர்ந்துட்டேன். பழைய வாட்ச் ஒண்ணு வாங்கி தினமும் கட்டணும்னு ஆசை. எதை வாங்கலாம்?" ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் மேசை இழுப்பறையில் அப்பாவுடைய எச்எம்டி ஜனதா இருக்கிறது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5 இருக்கிறது. நானே ஆசைப்பட்டு வாங்கிய ஃபாவ்ரே லூபா ஒன்றும் இருக்கிறது. மூன்றையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜனதா. எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு முப்பது வருடம் நம் நாட்டில் ‘வாட்ச்’ என்றாலே எச்எம்டிதான். எஸ்எஸ்எல்சி பாஸ் செய்த பையனுக்கு, கல்யாண மாப்பிள்ளைக்கு, ரிட்டையர் ஆகிறவருக்கு என்று எல்லாருக்கும் அதுவே பரிசு. ஜனதா அந்தக் குடும்பத்தின் எளிய பிள்ளை. வெள்ளை டயல், மெல்லிய முள்கள், அச்சுகள் தேயாமல் சுழல உள்ளே பதித்த பதினேழு கல், சுமார் 35 மில்லிமீட்டர் அகலம். தேதி கிடையாது, கிழமை கிடையாது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை தாண்டியும் ஓடும்.

சீக்கோ 5 வேறு மாதிரி. 1963-ல் வந்த இந்த வரிசையின் பெயரில் இருக்கும் ஐந்து, ஐந்து வசதிகளைக் குறிக்கிறது. தானாகச் சாவி ஏறும். கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும். தண்ணீர் தாங்கும். முள்ளைத் திருப்பும் திருகு நான்கு மணிப் பக்கம் உள்ளடங்கி இருக்கும். கேஸும் செயினும் உறுதியாக இருக்கும். மாமாவுடையதில் இருப்பது 7009 எந்திரம், அதற்கும் பதினேழு கல். கிழமைச் சக்கரத்தில் ஒரு வரிசை ஆங்கிலம், ஒரு வரிசை அரபு. வளைகுடா சந்தைக்கு அனுப்பிய வாட்ச்களில் அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் அந்த அரபு எழுத்தைப் பார்க்கவே மாமா கையைப் பிடித்துத் திருப்புவேன்.

இந்த வாட்ச் பிறந்த மாதத்தை அதன் முதுகிலேயே படிக்கலாம். பின்மூடியில் ஆறு இலக்கத் தொடர் எண் இருக்கும். முதல் எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு பூஜ்யம், நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. மாமாவுடையது 8N என்று தொடங்குகிறது. 1978 நவம்பராகவும் இருக்கலாம், 1988 நவம்பராகவும் இருக்கலாம். அவர் முதல் லீவில் ஊர் வந்தது 1989 என்பதால் இரண்டாவதுதான் என்று வீட்டில் முடிவு செய்துகொண்டோம்.

சரி, தினசரி வாழ்க்கைக்கு வருவோம்.

எல்லாரும் முதலில் கேட்பது, நேரம் சரியாகக் காட்டுமா என்பது. என் ஜனதா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது நொடி முந்துகிறது. சீக்கோ பதினைந்து, இருபது நொடி. இரண்டுமே பேட்டரியில் ஓடும் நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்சோடு போட்டி போட முடியாது. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஜனதாவுக்குத் தினமும் காலையில் சாவி கொடுத்தே ஆக வேண்டும், அப்போதே போனைப் பார்த்து முள்ளைச் சரிசெய்துவிடுகிறேன். அந்த அரை நிமிடம் பிழை சேரவே நேரம் கிடைப்பதில்லை. சீக்கோவை யாரும் அப்படித் தினமும் தொடுவதில்லை. அது பாட்டுக்கு ஓடும், ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம் தள்ளிப் போயிருக்கும், ரயில் பிடிக்கும்போதுதான் தெரியும். கணக்குப்படி சீக்கோதான் துல்லியம். கையில் கட்டியிருக்கும்போது பெரும்பாலும் சரியான நேரம் காட்டியது ஜனதாதான்.

எந்திரத்தின் துடிப்பிலும் வித்தியாசம் உண்டு. ஜனதாவில் நேரத்தை அளந்தபடி முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் என்ற சின்னச் சக்கரம் மணிக்கு 18,000 முறை தட்டுகிறது, அதாவது நொடிக்கு ஐந்து. சீக்கோ 21,600, நொடிக்கு ஆறு. காதோரம் வைத்துக் கேட்டால் ஜனதாவின் டிக்டிக் நிதானமாக, தனித்தனியாகக் கேட்கும். மெதுவாகத் துடிக்கும் எந்திரத்தை வெளியிலிருந்து வரும் குலுக்கல் கொஞ்சம் அதிகமாகவே பாதிக்கும். பைக்கில் தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கீழே விழும் அதிர்ச்சியிலிருந்து பேலன்ஸின் மெல்லிய அச்சைக் காக்கும் அமைப்பு இரண்டிலும் உண்டு. ஜனதாவில் அதற்குப் பாராஷாக் என்று பெயர், சீக்கோவில் டயாஷாக்.

தானாகச் சாவி ஏறுவது வசதிதானே என்று தோன்றும். வசதிதான், ஆனால் கையில் இருக்கும்வரைதான். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று கை அசைவுக்கு ஏற்பச் சுழலும். சீக்கோவின் மேஜிக் லீவர் அந்தத் தகடு எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். 1959-லேயே வந்த எளிமையான ஏற்பாடு, இன்றைக்கும் அந்த நிறுவனம் பயன்படுத்துகிறது. ஆனால் 7009-க்குத் திருகு வழியாகச் சாவி கொடுக்க முடியாது. சனி, ஞாயிறு கழற்றி வைத்தால் திங்கள்கிழமை நின்றிருக்கும். கையில் எடுத்துப் பக்கவாட்டில் ஆட்டி ஓடவைத்து, நேரம் வைத்து, தேதி வைத்து, கிழமை வைத்து... ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இது ஒரு வேலை. இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று மணிவரை தேதியைத் திருகி மாற்றக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே மாட்டியிருக்கும், வலிந்து திருப்பினால் ஒடியும். ஜனதா நின்று போயிருந்தால் சாவி, முள், முடிந்தது. கைவசம் இரண்டு மூன்று வாட்ச் வைத்து மாற்றிக் கட்டுகிறவர்களுக்குத் தேதி இல்லாத வாட்ச் எவ்வளவு நிம்மதி என்பது கொஞ்ச நாளில் புரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வேர்வையில் சீக்கோ ஜெயிக்கிறது. அதன் ஸ்டீல் கேஸும் செயினும் முப்பத்தைந்து வருடம் கழித்தும் சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் புதிதுபோல வருகின்றன. செயினை மட்டும் கழற்றித்தான் தேய்க்க வேண்டும், வாட்சை இல்லை. பழைய எச்எம்டிகளில் தங்க முலாம் பூசிய மாடல்களை எடுத்தால், வேர்வை படும் இடங்களில் முலாம் போய்ப் பித்தளை தெரிய ஆரம்பிக்கும். ஜனதாவின் தோல் வார் சித்திரை, வைகாசியில் ஒரு வாரத்தில் நாறிவிடும். நான் நைலான் வாருக்கு மாறிவிட்டேன், 18 மில்லிமீட்டர் அளவு எங்கேயும் கிடைக்கிறது. மழை விஷயத்தில் இரண்டையும் நம்பாதீர்கள். சீக்கோ முதுகில் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருப்பது அது புதிதாக இருந்த காலத்துக்கு. ரப்பர் வளையம் காய்ந்த பிறகு அந்த எழுத்துக்கு அர்த்தமில்லை.

கண்ணாடி கீறினால் ஜனதாவுக்குக் கவலையில்லை. அது அக்ரிலிக். பித்தளை துலக்கும் பிராஸோ பாலிஷைக் கொஞ்சம் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தால் கீறல் மறைந்துவிடும். சீக்கோவின் கனிமக் கண்ணாடி எளிதில் கீறாது, ஆனால் கீறினால் மாற்றுவதுதான் வழி.

எனக்கு இந்த ஒப்பீட்டில் முக்கியமானது ரிப்பேர். பழைய வாட்சோடு தினமும் வாழ வேண்டுமானால், உங்கள் ஊரில் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அப்பா போன பிறகு ஜனதா நான்கு வருடம் பீரோவில் கிடந்தது. எடுத்துச் சாவி கொடுத்தால் பத்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். "வாட்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. எண்ணெய்தான் காஞ்சுபோச்சு" என்று சொல்லி என் பக்கம் திருப்பிக் காட்டினார். கல்லைச் சுற்றி எண்ணெய் பழுப்பாக, கெட்டியாகப் பிசின்போல ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, துளித்துளியாக எண்ணெய் வைத்துப் பூட்டினார். கடைசியில் பேலன்ஸை இறக்கி வைத்தபோது, அவர் எதுவும் செய்யாமலே அது தானாக ஆட ஆரம்பித்தது. அப்பா கையில் நான் பார்த்த அதே ஆட்டம். அந்த நொடியை என்னால் மறக்க முடியாது.

ஜனதாவின் எந்திரம் எளியது. கோடிக்கணக்கில் எச்எம்டி வாட்ச்கள் செய்யப்பட்டதால் பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை, பழைய வாட்ச் ஒன்றைப் பிரித்தால் பத்து வாட்சுக்கு ஆகும் என்பார் அந்தப் பெரியவர். எச்எம்டி வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களாக இறக்கியபோதே எச்எம்டியின் சரிவு தொடங்கிவிட்டது. கம்பெனி போனாலும் அந்த எந்திரத்தைத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. சீக்கோவையும் நல்ல ரிப்பேர்காரர்கள் செய்வார்கள். கிழமை, தேதிச் சக்கரம், சுழலும் தகடு என்று பிரிக்க வேண்டியது அதிகம், அதனால் கூலியும் கொஞ்சம் கூடும்.

ஃபாவ்ரே லூபாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்றில் அழகு அதுதான். 1737-ல் தொடங்கிய சுவிஸ் பெயர், 1865-லேயே பம்பாய்க்கு வந்தது. சீ சீஃப், சீ கிங் என்று நம் தாத்தாக்கள் தலைமுறையில் வசதியானவர்கள் கையில் இருந்த வாட்ச். 1962-ல் வந்த இவர்களின் 251 எந்திரத்தில் சாவி கொடுக்கும்போது முறுகும் மெயின் ஸ்பிரிங் ஒன்றல்ல, இரண்டு. சக்தி சீராக இறங்கும், எந்திரமோ மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். எல்லா ஃபாவ்ரே லூபாவிலும் அது இருக்காது, பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பாகம் போனால் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கிறது. கல்யாணம், விசேஷம் என்றால் இதைத்தான் கட்டுகிறேன். தினமும் கட்ட மனம் வரவில்லை.

இவற்றில் எதை வாங்கினாலும் டயலைக் கவனியுங்கள். நான் ஆன்லைனில் முதன்முதலில் வாங்கிய எச்எம்டி பளபளவென்று நீல டயலோடு வந்தது. பெரியவர் லென்ஸில் பார்த்துவிட்டு, பழைய டயலைச் சுரண்டி மேலே புதிதாக அச்சடித்திருக்கிறார்கள் என்றார். எழுத்தின் ஓரங்கள் கசிந்திருந்தன, நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு பொருந்தவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. ஐம்பது வருட டயல் கொஞ்சம் மங்கியிருப்பதே நல்ல அடையாளம். சீக்கோவில் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் எந்திர எண் இருக்கும். பின்மூடியில் தொடர் எண்ணுக்குத் தனியாக இருக்கும் மாடல் எண்ணின் முதல் நான்கு இலக்கமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் காந்தம். ஒருநாள் ஜனதா திடீரென்று மணிக்கு ஐந்து நிமிடம் முந்த ஆரம்பித்தது. உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பெரியவர் ஒரு சின்ன திசைகாட்டியை அருகில் வைத்தார், ஊசி துள்ளியது. காந்தம் ஏறினால், பேலன்ஸ் வீலை ஆட்டுவிக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீளம் குறைந்ததுபோல ஆகி வேகமாகத் துடிக்கும். அவரிடம் இருந்த கருவியில் வைத்து எடுத்தார், சில நொடியில் சரியாகிவிட்டது. காந்த மூடி போட்ட போன் கவர் பக்கத்தில் இரவெல்லாம் வாட்சை வைத்ததுதான் காரணம். இதில் சீக்கோவுக்கும் விலக்கு இல்லை.

இனி மருமகனுக்கு என்ன சொன்னேன் என்பது. அவன் அம்பத்தூருக்குத் தினமும் பைக்கில் போகிறான், ஒரே வாட்சைத்தான் கட்டப் போகிறான், காலையில் எழுவதே ஏழரைக்கு. அவனுக்குச் சீக்கோ 5 தான் சரி. ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாமல் கட்டினால் அது நிற்காது. மேசை வேலை செய்கிறவர், காலையில் காபி டம்ளரோடு ஐந்து நிமிடம் உட்காரக் கிடைக்கிறவர் என்றால் யோசிக்காமல் ஜனதா என்பேன். நான் கட்டுவதும் அதைத்தான். இருபது, இருபத்தைந்து சுற்று திருகும்போது விரலுக்கு அடியில் ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது தெரியும். ‘போதும்’ என்று அதுவே தடுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு பல்கூட வற்புறுத்தக் கூடாது. அப்பா அந்த இடத்தில் நிறுத்தி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கட்டுவார். நானும் அப்படித்தான் கட்டுகிறேன்.

வாங்கியதும் கட்டிவிடாதே, முதலில் சர்வீஸுக்குக் கொடு என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். விற்றவர் "இப்பதான் சர்வீஸ் பண்ணது" என்று சொன்னாலும் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு இருவரும் பெரியவர் கடைக்குப் போகிறோம்.