கோவளமா, மாமல்லபுரமா? கடலோர நட்சத்திர விடுதிச் சாப்பாட்டுக்கு எங்கே, எந்த நேரத்தில் போவது

கடலைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட வேண்டும், ஒரு நாளைக்குச் செலவைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று சென்னையில் ஒரு குடும்பம் முடிவெடுத்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று கோவளத்தில் இருக்கும் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ். மற்றொன்று அதைத் தாண்டி மாமல்லபுரத்தில் இருக்கும் ராடிசன் ப்ளூ டெம்பிள் பே. இரண்டுமே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கின்றன. தாஜில் பே வியூ என்ற பெயரில் பல காலமாக அறியப்பட்ட உணவகமும், ராடிசனில் தி வார்ஃப் உணவகமும் மணலை ஒட்டிய திறந்தவெளி மீன் உணவகங்கள். எது மேல் என்று கேட்டால், எந்த நேரத்தில் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பகல் சாப்பாடு என்றால் கோவளம், இருட்டிய பிறகு என்றால் மாமல்லபுரம். இதை மாற்றிச் செய்தால் கொடுத்த பணத்தில் பாதி வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மேசை பதிவு செய்யும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொழும்பில் 1864இல் தொடங்கிய கால் ஃபேஸ் ஹோட்டலில் மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் சூரியன் எதிரே கடலுக்குள் இறங்கும். கோவாவிலும் அப்படித்தான். கடலோர இரவு விருந்து என்றதும் நம் மனதில் வரும் படங்கள் எல்லாம் அந்த மேற்குக் கரைப் படங்கள். இங்கே சூரியன் முதுகுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம் மறைகிறது. ஏழு மணிக்குக் கடல் கறுத்துவிடும். மேசை மேல் பளிச்சென்று விளக்கு இருந்தால் அலையின் நுரைகூடக் கண்ணுக்குத் தெரியாது. எட்டு மணிக்கு மேசை கேட்டு வாங்கி, மின்விளக்கு வெளிச்சத்தில் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அதே பணத்தில் மதியம் ஒன்றரைக்கு வந்திருந்தால் முழுக் கடலும் அவர்களுடையதாக இருந்திருக்கும்.

மதியத்துக்குக் கோவளம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அது கடலுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது. தாஜ் விடுதி 1974இல் திறந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991இல்தான் வந்தன. கட்டடங்கள் பெருகாத கடற்கரைப் பகுதிகளில், கடல் நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று அவை தடுத்தன. அதற்கு முந்தைய விடுதிகளுக்கும் பிறகு வந்த விடுதிகளுக்கும் கடலை நெருங்குவதில் வித்தியாசம் தெரிவது அதனால்தான். பிந்தையவற்றில் பலவற்றுக்குக் கடல் என்பது புல்வெளிக்கு அப்பால் ஒரு நீலக் கோடு. கோவளத்தில் சாப்பிடும்போதே அலைச் சத்தம் பேச்சுக்கு நடுவே புகுந்துகொள்ளும்.

ஊரும் சும்மா ஊர் இல்லை. ஆர்க்காட்டு நவாப் காலத்தில் துறைமுகமாக இருந்து, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது 1752இல் ராபர்ட் கிளைவ் வந்து கோட்டையைப் பிடித்த இடம். இன்றைக்குப் பக்கத்திலேயே மீனவர் குப்பம், அலைச்சறுக்குக்காரர்கள் கூடும் இடம், தூய்மையான கடற்கரைகளுக்கு உலக அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கடற்கரை எல்லாம் இருக்கின்றன. பகலில் எதிரே ஃபைபர் படகுகள் போவதும் வருவதும் தெரியும். சாப்பாட்டுக்குத் துணையாக இதைவிட நல்ல காட்சி எனக்கு வேண்டாம்.

வெயில் கொளுத்துமே என்று கேட்கலாம். ஜனவரி முதல் மார்ச் நடுவரை அந்தக் கவலை இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கடற்காற்று எப்போது உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. மேற்குக் காற்று வலுத்த நாளில் அது வர மதியம் ஒரு மணி, இரண்டு மணிகூட ஆகிவிடும். அதுவரை வெளி மேசையில் அனல்தான். காற்று திரும்பிவிட்டால் பத்து நிமிடத்தில் உடம்புக்கே வித்தியாசம் தெரியும். அதனால் கோடையில் பன்னிரண்டரைக்குப் போகாதீர்கள், இரண்டு மணிக்குப் போங்கள். ஆனால் நட்சத்திர விடுதிகளில் மதியச் சமையல் மூன்று மணியை ஒட்டி முடிந்துவிடும், அடுப்பு மறுபடி பற்றுவது ஏழு மணிக்கு. கடல் மிக அழகாக இருக்கும் நான்கரை முதல் ஆறு மணிவரை, வெயில் பின்னாலிருந்து சாய்ந்து விழுந்து தண்ணீர் பச்சையும் நீலமுமாக மின்னும்போது, முழுச் சாப்பாடு கிடைப்பது அரிது. மதியச் சாப்பாட்டைத் தாமதமாகத் தொடங்கி, ஒரு காபியோடு நீட்டிக்கொள்வதுதான் வழி.

சரி, மாமல்லபுரத்துக்கு வருவோம். டெம்பிள் பேயும் பழைய இடம்தான். அரசின் அசோக் விடுதிகளில் ஒன்றாக இருந்த காலம் அதற்கு உண்டு. இங்கே கடலைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது: தெற்குப் பக்கம் திரும்பினால் தொலைவில் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது, 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பகலில் அந்தத் தொலைவிலிருந்து அது ஒரு சிறிய சாம்பல் நிறக் கூம்பு, அவ்வளவுதான். இரவில் விளக்கு போட்டதும் சுற்றிலும் இருக்கும் இருட்டு எல்லாம் அதற்கு ஒதுங்கி வழிவிடும். கடல் தெரியாமல் போகும் நேரத்தில் கண்ணுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. கிழக்குக் கரையில் இரவு விருந்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது நிகழ்ச்சிகள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று பாருங்கள். 11ஆம் தேதி மாலையில் கடற்கரைக் கோயில் பக்கம் கலை நிகழ்ச்சியும் இரவு விருந்தும். மறுநாள் பகலில் கோவளம் தாஜில் கடலைப் பார்த்தபடி பேச்சுவார்த்தை. என்ன காரணத்துக்காக அப்படி அமைத்தார்களோ, இரண்டு இடங்களுக்கும் எந்த நேரம் பொருந்தும் என்பதில் நான் அவர்கள் கட்சி.

குழந்தைகளோடு போனால் நேரம் எதுவானாலும் மாமல்லபுரத்துக்கு இன்னொரு புள்ளி. வளாகம் பெரியது, நீச்சல் குளம் நீண்டு வளைந்து போகும், பிள்ளைகளுக்கு அலுக்காது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் வாசலிலிருந்து உணவகம் வரை பேட்டரி வண்டி கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு இடங்களிலும் இதைக் கேட்பது நல்லது.

இனி தட்டுக்கு வருவோம். இவ்வளவு செலவழித்துக் கடலோரம் போய், பெரும்பாலானவர்கள் கேட்பது பட்டர் கார்லிக் இறால். தப்பில்லை, ஆனால் வனாமி இறால் 2009க்குப் பிறகு பண்ணைகளில் பெருகி எல்லா ஊர் உணவகத்துக்கும் வந்துவிட்டது. அதைச் சாப்பிடக் கடற்கரைக்கு வரத் தேவையில்லை. அன்றைக்கு என்ன முழு மீன் வந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கொடுவா இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். கரியடுப்பில் வாட்டினாலும் சதை ஈரம் விடாத மீன் அது. கோவளத்துக்குச் சற்று முன்னால் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில்தான் 1997இல் கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆகையால் பண்ணைக் கொடுவா என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம், அது இந்தக் கரையின் சொந்தச் சாதனை. வஞ்சிரத்தைக் கனமான துண்டாக வாட்டினால் நார் நாராக உலர்ந்துவிடும். அதைத் தவாவில் வறுத்துத் தரச் சொல்லுங்கள். சங்கரா முழுதாகப் பொரித்தால் போதும், வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். நண்டு கேட்பதாக இருந்தால் வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் போகும், ஆனால் வரத்து குறைவு, விலை அதிகம். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குவதால் அந்த நாள்களில் கேரளப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் நம் ஊருக்கு வரும். எதிரே கடல் இருக்கிறது என்பதால் தட்டில் இருப்பதும் அந்தக் கடல் மீன் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளி விடுமுறையும் இந்தத் தடைக்காலமும் ஒன்றாக விழுவது நம் குடும்பங்களின் துரதிர்ஷ்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எப்போது வேண்டுமானாலும் வெளி மேசைகளை உள்ளே தள்ளிவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பொங்கல் முடிந்து மார்ச் நடுவரைதான் இரண்டு இடங்களுக்கும் சிறந்த காலம்.

பில் விஷயத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் உள்ள விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். தனி உணவகத்தில் 5 சதவீதம். 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் இங்கே வரி 1,080, வெளியே 300. மது வாங்கினால் அதற்கு வரிக் கணக்கு தனி. சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நன்றாகக் கவனித்த பரிமாறுபவருக்கு மனதாரக் கையில் கொடுங்கள், பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். முழு மீன், நண்டு, சிங்கி இறால் இவற்றுக்குப் பட்டியலில் பெரும்பாலும் எடைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். சமைக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் கேட்பது கஞ்சத்தனம் இல்லை. இந்தக் கரையில் ஒரு விடுதியில் அரைக் கிலோ என்று நினைத்து எங்கள் உறவினர் ஒருவர் சொன்ன மீன், பில்லில் ஒன்றேகால் கிலோவாக வந்தது. பிறந்தநாள் விருந்து அதோடு அமைதியாகிவிட்டது.

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெரு உணவகங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அன்றைய மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள், விலை பேசலாம். மீன் மட்டுமே முக்கியம் என்பவர்கள் அங்கேயே போகட்டும். விடுதியில் நாம் கூடுதலாகக் கொடுப்பது இடத்துக்கும் அவசரப்படுத்தாத உபசரிப்புக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் மேசையைத் துடைக்க வந்து நிற்க மாட்டார்கள். பெற்றோருடைய திருமண நாள் போன்ற ஒன்றுக்கு அந்த நிதானம் தேவைப்படுகிறது.

புதுச்சேரியையும் சிலர் சொல்வார்கள். கூபேர் சாலையில் தி ப்ரொமனாட் விடுதியின் மாடியில் உட்கார்ந்தால் கடலும் தெரியும், மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்ட சாலையில் நடக்கும் கூட்டமும் தெரியும். இனிமையான இடம். ஆனால் கடலுக்கும் நமக்கும் நடுவே ஒரு சாலையும் பாறைக் கரையும் இருக்கின்றன. சென்னையிலிருந்து சாப்பாட்டுக்காக மட்டும் 150 கிலோமீட்டர் போகச் சொல்ல மாட்டேன்.

என் தீர்ப்பில் ஒரே ஒரு விலக்கு பௌர்ணமி. அன்றைக்கு நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்திலேயே நேர் எதிரே கடலிலிருந்து எழும்பும். மேற்குக் கரைக்காரர்களுக்கு மாலையில் இது கிடைக்காது. மறுநாள் சுமார் முக்கால் மணி நேரம் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு வரும். இரவுச் சாப்பாடு தொடங்கும் நேரத்துக்கு அந்த இரண்டாம் நாள்தான் இன்னும் பொருத்தம். அந்த இரவில் நான் கோவளத்துக்கே போவேன்.

இரண்டு இடங்களிலும் தங்காதவர்களுக்கு வார இறுதியில் மேசை உறுதியில்லை, தங்கியிருப்பவர்களுக்கே முதலிடம். முன்னதாகத் தொலைபேசியில் பேசும்போது கடல் பார்க்கும் மேசை என்று மட்டும் சொல்லாதீர்கள், கண்ணாடிக்கு உள்ளே உட்கார வைத்துவிட்டு அதுவும் கடல் பார்ப்பதுதான் என்பார்கள். வெளியே, முதல் வரிசை என்று கேளுங்கள். ஞாயிறு இரவு திரும்புவதாக இருந்தால் உத்தண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நெரியும், அதற்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.