சிறு படத்துக்கான புரமோஷன் பேக்கேஜ்: பணம் கட்டிப் பெற்றவரின் மதிப்பீடு

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் நாங்கள் மூன்று பேர் கூட்டாகப் பணம் போட்டு, சென்ற ஆண்டு ஒரு சிறிய படத்தைத் தயாரித்து வெளியிட்டோம். விசைத்தறி ஓட்டும் அப்பாவுக்கும், கல்லூரி முடித்து வீடு திரும்பும் மகளுக்கும் இடையே நடக்கும் கதை அது. அந்தப் படத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பைச் சென்னையில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்திடம் முழு பேக்கேஜாக ஒப்படைத்தோம். ஐந்து மாதங்கள் அவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அந்தச் சேவையில் எது கொடுத்த காசுக்குத் தகுந்தது, எது தகுந்ததில்லை என்பதை எழுதி வைத்தால், முதல் படத்தோடு வருகிறவர்களுக்கு உதவும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நடந்த தவறுகளில் எங்கள் பங்கும் பெரியது. இந்தச் சேவையைக் கோடம்பாக்கத்தில் பலரும் ஏறக்குறைய இதே வடிவில்தான் விற்கிறார்கள்.

படத்துக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த மொத்தப் பணம் 1 கோடியே 35 லட்சம் ரூபாய். பேக்கேஜின் விலை 22 லட்சம். ஃபர்ஸ்ட் லுக், மோஷன் போஸ்டர், டீசர், டிரெய்லர், பாடல் வெளியீட்டு விழா, பத்திரிகையாளர் காட்சி, யூடியூப் பேட்டிகள், சமூக ஊடகப் பக்கங்கள், வெளியீட்டு வாரத்தில் ஹேஷ்டேக் டிரெண்டிங் ஆகிய எல்லாம் அதில் அடக்கம். சுவரொட்டி அச்சிடுவதும் ஒட்டுவதும் தனிக்கணக்கு. முதலில் 12 லட்சத்துக்கு இருந்த சிறிய பேக்கேஜைத்தான் கேட்டோம். "விழா இல்லாமல் விட்டால் படம் வந்ததே யாருக்கும் தெரியாது சார்" என்று அவர்கள் சொன்னபோது நாங்கள் பயந்துவிட்டோம். கூடுதலாக வேண்டியிருந்த 10 லட்சத்தில் ஒரு பகுதியை இறுதி ஒலிக்கலவைக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தோம். எட்டு நாள் திட்டமிட்டிருந்த மிக்ஸிங் நான்கு நாளில் முடிந்தது. இதன் விளைவு என்னவாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நன்றாக நடந்தவை. அவர்களுடைய வடிவமைப்பாளர் செய்த சுவரொட்டி, படத்தின் ஒவ்வொரு காட்சியையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு செய்த வேலை. தறியின் பாவு நூல்கள் குறுக்கே ஓட, அவற்றின் இடைவெளியில் மகளின் கண்கள் மட்டும் தெரியும்படி அமைத்திருந்தார். பன்னீர்செல்வம் பூங்கா அருகே ஒட்டிய முதல் நாள் காலையில், டீக்கடைக்கு வந்த இரண்டு தறிக்காரர்கள் அதன் முன்னால் நின்று, நூலின் எண்ணிக்கை சரியா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் படத்துக்கு வேண்டிய பார்வையாளர்கள் அவர்கள்தான். அந்தச் சுவரொட்டி அவர்களைச் சரியாகக் கண்டுபிடித்தது.

அடுத்தது பத்திரிகைத் தொடர்பு. 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்காக ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் முதல் மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றத் தொடங்கிய நாள்முதல், தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்பவர் படத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவே நிற்கும் முக்கியமான மனிதர். எங்களுக்கு அமைந்தவர் அந்த மரபுக்கு உரியவர். படத்தை இருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, எந்த விமர்சகரை எந்தக் காட்சிக்கு அழைக்க வேண்டும், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் யோசித்துச் செய்தார். வெள்ளிக்கிழமை வந்த விமர்சனங்களில் நடிப்பையும் கதையையும் குறைசொன்னவர் ஒருவர்கூட இல்லை. 22 லட்சத்தில் இந்த இரண்டுக்கும் சேர்த்து 4 லட்சம்கூட ஆகியிருக்காது என்பது என் கணக்கு.

டிரெய்லரில்தான் சறுக்கல் தொடங்கியது. படத்தின் பிற்பகுதியில் கந்துவட்டிக்காரன் வீட்டுக்கு வந்து சத்தம் போடும் காட்சி ஒன்று உண்டு. முழுப் படத்திலும் அது நான்கு நிமிடம். டிரெய்லரைக் கத்தரித்தவர்கள் அந்த நான்கு நிமிடத்தையே முதுகெலும்பாக வைத்து, அதிரும் பின்னணி இசையையும் சேர்த்து, பழிவாங்கும் கதை என்று எவரும் நம்பும்படி ஆக்கிவிட்டார்கள். இயக்குநர் மறுத்தார். "அப்பா, மகள் பாசம் என்று சொன்னால் இளைஞர்கள் வரமாட்டார்கள்" என்று பதில் வந்தது. தயாரிப்பாளர்களான நாங்கள் இயக்குநரின் பக்கம் நிற்காமல் விட்டோம். இன்றும் அவரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டிரெய்லர் மூன்று நாளில் 10 லட்சம் பார்வைகளைத் தாண்டியது. அதை ஒரு படமாகச் செய்து எங்களுக்கு அனுப்பி வாழ்த்தும் சொன்னார்கள். பின்னர் யூடியூப் கணக்கின் உள்ளே சென்று, பார்வைகள் எந்த வழியாக வந்தன என்று பார்த்தபோது, மிகப் பெரும்பகுதி காசு கொடுத்து ஓட்டிய விளம்பரத்தின் வழியே வந்திருந்தது. தாமாகத் தேடி வந்தவர்கள் மிகவும் குறைவு. வெளியீட்டுக்கு முந்தைய வியாழக்கிழமை இரவு 11 மணிக்கு, ஈரோட்டில் எங்கள் படம் வெளியாக இருந்த திரையரங்கின் இருக்கை வரைபடத்தை முன்பதிவுச் செயலியில் திறந்தேன். காலைக் காட்சிக்கு ஒன்பது இருக்கைகள் நிறம் மாறியிருந்தன. அவற்றில் நான்கு என் மைத்துனர் எடுத்தவை. அந்த ஒன்பதையும் 10 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த இரவுதான், பார்வை எண்ணிக்கை என்பது டிக்கெட் அல்ல என்பது எனக்கு உறைத்தது.

இனி ஒலி. மிக்ஸிங் ஸ்டுடியோவில் நல்ல ஒலிபெருக்கிகளில், சரியான அளவில் வைத்துக் கேட்டபோது எல்லாம் தெளிவாக இருந்தது. திரையரங்கின் ஒலியளவுக் கட்டுப்பாட்டுக் கருவியில் 7 என்ற எண்தான் தரநிலை. ஸ்டுடியோவும் அதை ஒட்டியே கலவை செய்கிறது. ஆனால் பல திரையரங்குகள், அடுத்த அரங்குக்குச் சத்தம் போகிறது என்றோ, ஒலிபெருக்கி கெட்டுவிடும் என்றோ 5-க்கும் கீழே இறக்கிவைத்து ஓட்டுகின்றன. அப்படி இறக்கினால் முதலில் அமுங்குவது மெதுவாகப் பேசப்படும் வசனம். எங்கள் படத்தில் அப்பா பாதி நேரம் ஓடும் தறியின் அருகே நின்று, குரல் உயர்த்தாமல் பேசுகிறார். தறிச் சத்தத்தை எந்தச் சொல்லின் அடியில் எவ்வளவு இறக்குவது என்று காட்சி காட்சியாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதற்கு வைத்திருந்த நான்கு நாளைத்தான் விழாவுக்குக் கொடுத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சியின் இடைவேளையில், திரையரங்க மேலாளர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "படம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அந்தப் பெரியவர் பேசறது காதுல விழுகலீங்களே. அப்பறம் இன்னொண்ணு, சண்டைப் படம்னு நெனச்சு வந்த பசங்க இப்பவே எந்திரிச்சுப் போறாங்க. குடும்பத்தோட பாக்கறவங்களுக்கு இப்படி ஒரு படம் வந்திருக்குதுன்னே தெரியாதுங்க." ஐந்து மாத வேலையின் விளைவை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். முதல் குறை தயாரிப்பில் விட்டது. இரண்டாவது விளம்பரத்தில் விட்டது. அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான், அவை ஒரே தவறின் இரு முனைகள் என்று எனக்குப் புரிந்தது.

விளம்பரத்தால் படம் ஓடுமா, படத்தின் தரத்தால் ஓடுமா என்று கேட்பவர்கள் 1999-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பாலாவின் 'சேது', வாங்குவதற்கு ஆளில்லாமல் நெடுநாள் காத்திருந்து, மிகக் குறைந்த காட்சிகளோடு தொடங்கியது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே காட்சிகள் கூடி, 100 நாளைத் தாண்டி ஓடியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்', மிகச் சொற்பப் பணத்தில் படமாக்கப்பட்டு, உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. காணாமல்போன மாணவர்களின் உண்மைக் கதை என்பதுபோல் அமைந்த இணையதளம்தான் அதற்குப் பெரும் விளம்பரமாக இருந்தது. அந்த இணையதளத்தைத் தொடங்கியவர்கள் படத்தை எடுத்தவர்களே. விநியோக நிறுவனம் வாங்கும் முன்பே அது இருந்தது. விளம்பரம் கதையின் உள்ளேயிருந்து முளைத்ததால், அதை நம்பி வந்தவர்கள் அரங்கிலும் அதே அனுபவத்தைக் கண்டார்கள். 2016-இல் 'கபாலி' படத்துக்காக ஒரு விமானத்தின் உடலில் ரஜினிகாந்தின் உருவத்தைப் பொறித்துப் பறக்கவிட்டதை எங்கள் விளம்பர நிறுவனத்தார் முதல் சந்திப்பிலேயே எடுத்துக்காட்டினார்கள். ரஜினிக்கு அது பொருந்தும், ஏனென்றால் பறப்பதை அண்ணாந்து பார்க்க ஏற்கெனவே கோடிக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். முகம் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்கு அந்த உதாரணத்தைக் காட்டுவது பொருத்தமில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

விளம்பரத்துக்கு அள்ளிக் கொடுத்தவர் என்று ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனை எல்லோரும் சொல்வார்கள். 1948-இல் அவர் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் விளம்பரம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் படத்தை எடுக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின, செலவு 30 லட்சத்தை எட்டியது, முரசு நடனம் என்ற ஒற்றைக் காட்சிக்கே மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. விளம்பரத்தில் எதைக் காட்டினாரோ அது படத்தில் அதைவிடப் பெரிதாக இருந்தது. நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு.

இந்த பேக்கேஜில் இடம்பெறாத, ஆனால் சிறு படத்தின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு: திரையரங்குகளில் காட்சிகளைத் தக்கவைப்பது. தமிழ்நாட்டு விநியோகம் சென்னை, என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, சேலம், எம்.ஆர். (மதுரை, ராமநாதபுரம்), டி.டி. (திருச்சி, தஞ்சாவூர்), டி.கே. (திருநெல்வேலி, கன்னியாகுமரி) எனப் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஈரோடு சேர்ந்த கோவைப் பகுதியில் இந்தப் படத்துக்கு இருந்த ஈர்ப்பு வேறு எங்கும் இருந்திருக்க வாய்ப்பில்லை. தறி, பாவு, வாரக்கூலி, பேச்சுவழக்கு எல்லாம் இங்கத்தியவை. இருந்தும் மாநிலம் முழுதும் 70 திரைகளில் போட்டோம். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் செய்தியாகும் என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு திரைக்கும் டிஜிட்டல் புரொஜெக்ஷன் நிறுவனத்துக்குத் தயாரிப்பாளர் கட்டணம் கட்ட வேண்டும். 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை வெளியிடாமல் நிறுத்திப் போராடியதே இந்தக் கட்டணத்தை முன்வைத்துத்தான். கோவைப் பகுதியில் மட்டும் 15 திரைகளில் தொடங்கியிருந்தால், மிச்சமான பணத்தில் இரண்டாவது வாரத்துக்கும் சுவரொட்டி ஒட்டியிருக்கலாம்.

வாய்வழிப் பேச்சு பரவக் குறைந்தது நான்கைந்து நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை பார்த்தவர் சனிக்கிழமை வீட்டில் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை உறவினர் கேட்டு, திங்கட்கிழமை கிளம்பினால், திங்கட்கிழமை காட்சி இருக்காது. எங்களுக்கு அதுதான் நடந்தது. சனிக்கிழமை மாலை நிறுவனத்தாரிடம் பேசி, அப்பா, மகள் காட்சிகளை மட்டும் வைத்து 40 விநாடித் துண்டு ஒன்றைச் செய்யச் சொன்னோம். அதை அவர்கள் தயங்காமல், கூடுதல் பணம் கேட்காமல், ஒரே இரவில் செய்து தந்ததை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அது வெளிவந்தது. காசு கொடுத்து ஓட்டாமலேயே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. பவானியிலிருந்தும் பள்ளிபாளையத்திலிருந்தும், படம் எங்கே ஓடுகிறது என்று கேட்டு அழைப்புகள் வந்தன. ஆனால் 70 திரைகள் திங்கட்கிழமை 11 ஆகச் சுருங்கிவிட்டன. ஈரோட்டில் ஒரே ஒரு காட்சி, அதுவும் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் தறி ஓட்டுபவர் யாரும் படத்துக்கு வர முடியாது.

சேவையைப் பகுதி பகுதியாக வாங்க முடியும் என்றால், வடிவமைப்பையும் பத்திரிகைத் தொடர்பையும் இவர்களிடமே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். டிரெய்லரை இயக்குநரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஹேஷ்டேக் டிரெண்டிங், காசு கொடுத்து வாங்கும் பார்வைகள் இவற்றுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். விழா எங்களுக்கு நல்ல புகைப்படங்களைத் தந்தது. டிக்கெட் விற்றதாக எந்த அடையாளமும் இல்லை. பெரிய நடிகர் நடித்த படத்துக்கு இந்தக் கணக்கு மாறலாம். எங்களைப் போன்ற படத்துக்கு, 5 நட்சத்திரத்தில் இரண்டரை தருவேன்.

பிறகு படம் ஓடிடியில் வந்தது. காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்தவர்கள், அப்பா பேசும் வசனங்களை எழுதி எழுதிப் பகிர்ந்தார்கள். அந்த வசனங்களுக்கு ஈரோட்டுத் திரையரங்கில் கைதட்டல் விழுந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் போகவில்லை.

இரண்டாவது படத்துக்கு இதே நிறுவனத்திடம்தான் மீண்டும் பேசியிருக்கிறோம். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அவர்களுடைய வடிவமைப்பாளரும் பி.ஆர்.ஓ.வும் திரைக்கதையைப் படிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பணம் மூன்று தவணையாகப் போகும். கடைசித் தவணை இரண்டாவது வாரத்துக்கு. மிக்ஸிங்குக்குப் பத்து நாள் ஒதுக்கி, அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டோம். அதை எடுக்க மூன்று பேரின் கையெழுத்தும் வேண்டும்.