தீபாவளிப் போனஸா, புகார்ப் பெட்டியா, குறைதீர்ப்புக் குழுவா?

மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும்வரை விற்பனையாளர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே மனக்கசப்பு முற்றுவதும் இந்த மாதங்களில்தான். வேலைக்கு ஆள் நிலைப்பதில்லை என்பது ஒரு தரப்பின் குறை. சொன்னால் காதுகொடுத்துக் கேட்பதற்கு யாருமில்லை என்பது மறுதரப்பின் குறை. இதைச் சரிசெய்ய நடைமுறையில் உள்ள மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

போனஸின் பயனை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியவரை அது காப்பாற்றுகிறது. ஆனால் 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரையறுத்த ஓர் உரிமையை, இனிப்புப் பெட்டியோடு சேர்த்துக் கொடையைப் போல நீட்டும் கடைகளில், பணம் கைமாறினாலும் மனத்தாங்கல் தீர்வதில்லை.

புகார்ப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டியின் சாவி யார்மீது புகாரோ அந்த மேலாளரிடமே இருந்தால், கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார் என்ற அச்சத்தில் எவரும் சீட்டுப் போட மாட்டார்கள்.

மூன்றாவது வழியான குறைதீர்ப்புக் குழுவை, 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், ஆண்டுதோறும் மாறி மாறித் தலைமை, 30 நாட்களுக்குள் விசாரணை என்பவை அதன் அமைப்பு. பெண்களுக்கும் உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பதைப் புடவைப் பிரிவில் நாள்முழுதும் நிற்கும் பெண்களை மனத்தில் வைத்துப் படித்தால்தான் அதன் அருமை விளங்கும்.

இருக்கை விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால் என்ன பயன்? வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன முப்பது புடவைகளையும் அந்தப் பெண் நின்றுகொண்டேதான் மடிக்கிறார். இந்த வலியைப் போனஸ் தீர்க்காது. பெட்டியில் போட்ட சீட்டுக்கும் பதில் வராது. "கவுன்ட்டரில் ஆளில்லாதபோது உட்காரலாம், மடிக்கும் வேலையை உட்கார்ந்தே செய்யலாம்" என்று எழுத்தில் முடிவெடுத்து, சூப்பர்வைசரையும் அதற்குக் கட்டுப்படுத்தக் குழுவால் முடியும்.

ஆகவே என் தேர்வு குழுவே. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. முதலாளியின் உறவினரே ஊழியர் பிரதிநிதியாக அமர்ந்துவிட்டால், அல்லது வாய்திறந்தவரை மறுநாளே குடோனுக்கு மாற்றிவிட்டால், அது பெயரளவுக் குழுவாகிவிடும். இரகசிய வாக்கெடுப்பில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும், உறுப்பினர்களைப் பழிவாங்கமாட்டோம் என்று நிர்வாகம் எழுதிக்கொடுப்பதும் அவசியம். சம்பளமோ போனஸோ பாக்கி வைத்திருக்கும் கடை, அதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் குழுவைக் கூட்ட வேண்டும். 20 பேருக்குக் குறைவான கடைகளைச் சட்டம் வற்புறுத்தவில்லை என்றாலும், வாரம் ஒருநாள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் முதலாளியே ஊழியர்களோடு கால்மணி நேரம் உட்கார்ந்து குறைகளைக் கேட்டு, சென்ற வாரக் குறைக்கு என்ன செய்தார் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.