வெளிநாட்டு வேளாண் பயணம் என்று பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டில் பி.எஸ்சி. அக்ரி படிக்கிற பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள். நெதர்லாந்தில் பசுமைக்குடில் சாகுபடி பார்க்க இரண்டு வாரப் பயணம் என்று சொல்லி, காரைக்குடியில் ஒரு கன்சல்டன்சி என் தம்பியை ஏமாற்றிவிட்டது.

கண்மாய்த் தண்ணீரை நம்பி விவசாயம் பார்க்கிற வீடு எங்களுடையது. கொஞ்சத் தண்ணீரில் தக்காளியும் குடமிளகாயும் எடுக்கிற முறையை நேரில் பார்க்கணும் என்பது அவன் ஆசை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. முன்பணமாக 80,000 ரூபாய், கூடவே பாஸ்போர்ட், பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. அதில் விசா கட்டணம் மட்டும் 35,000! நெதர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா; பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோதான்.

தம்பிக்குச் சந்தேகம் வந்தது பயணத் திட்டத்தைப் பார்த்துத்தான். ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க கூக்கன்ஹாஃப் துலிப் பூங்கா என்று போட்டிருந்தார்கள். அந்தப் பூங்கா மார்ச் பிற்பாதியில் திறந்து மே நடுவில் மூடிவிடும். ஆகஸ்டில் பூவும் இருக்காது, உள்ளே விடவும் மாட்டார்கள்.

"விரல் ரேகை வைக்க எப்ப சார் சென்னை போகணும்?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி அலைச்சல்? எல்லாம் நாங்களே முடிச்சிருவோம்."

இதை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். முதல்தடவை ஷெங்கன் விசா கேட்கிறவர் நேரில் போய்ப் பத்து விரல் ரேகையும் வைத்தே ஆகணும். அவருக்காக வேறு யாரும் வைக்க முடியாது.

ஒரு பல்கலைக்கழகம் தந்தது என்று அவர்கள் காட்டிய அழைப்புக் கடிதத்தையும் சோதித்தோம். அதில் இருந்த முகவரியை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருந்த முகவரிக்கு எழுதினான். அப்படியொரு கடிதம் தரவே இல்லை என்று பதில் வந்தது. எனக்கு வயிறு கலங்கிப்போனது. போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம். போலிக் கடிதத்தோடு விண்ணப்பம் போயிருந்தால் கெட்டபெயர் அவனுக்கு. விசா மறுத்த விவரம் ஷெங்கன் நாடுகளின் பதிவில் 5 ஆண்டு இருக்கும். நாளைக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாலும் அது எதிரே வந்து நிற்கும்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டதற்கு 'கேன்சலேஷன் சார்ஜ்' 15,000 கட்டச் சொன்னார்கள். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பிணையாகப் பிடித்து வைக்க இவர்கள் யார்? போலீசுக்கு எழுதிய புகாரின் நகலைக் காட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். மார்க் ஷீட்டும் பணமும் இன்னும் வரவில்லை.

இதே மாதிரி துண்டுச்சீட்டு உங்களிடமும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் சிவகங்கை எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம். சேர்ந்து வருகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.