லீவுக்கு வந்தவர் காரும் ஒர்க்‌ஷாப் பில்லும்: நாகர்கோவில் – மார்த்தாண்டம் நிலவரம்

"பத்து மாசமா ஷெட்டுல கிடந்த வண்டி, எல்லாத்தையும் ஒருக்க பாத்திருங்க." வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருபவர் சொல்லும் இந்த ஒரு வரியிலேயே பில்லில் பாதி ஏறிவிடுகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கைத்திறனுக்குக் குறைவில்லை. கூலியும் வளைகுடாவோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு. ஆனால் வந்தவருக்கு நேரமில்லை என்பது கவுண்டரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வார லீவில் இரண்டு கல்யாணமும் ஒரு வீடு பால்காய்ப்பும் இருந்தால், எஸ்டிமேட்டை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள்?

அதனால் வண்டியை விடும்போது தொந்தரவை மட்டும் சொல்லவேண்டும். "ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது முன்னால் இடப்பக்கம் டக்குனு சத்தம் வருது" என்றால் தேடிப் பார்ப்பார்கள். "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்" என்று நாமே சொன்னால் அதை மாற்றித் தருவார்கள், சத்தம் அப்படியே இருக்கும். இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (சக்கரப் பக்கத்துச் சின்ன இணைப்புக் கம்பி), அல்லது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் உள்ள ரப்பர்). லிங்க் ராடு சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தாலோ, வண்டியின் மூலையை அழுத்தி விட்டதும் ஒன்றுக்கு மேல் குதித்தாலோதான் அதை மாற்றும் பேச்சு.

நின்ற வண்டியில் முதலில் காலை வாருவது பேட்டரி. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புதுசு வாங்க ஓடவேண்டாம். பேட்டரிக் கடையில் கொடுத்து ஒரு ராத்திரி மெதுவாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் நின்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால்வாசி. அதன்பின் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட்டிலும் தேறினால் அதே பேட்டரி ஓடும். "ஆல்டர்னேட்டரும் போச்சு சார்" என்றால், அது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி என்பதால், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளக்கச் சொல்லவும். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டரில் கைவைக்க வேண்டியதில்லை. மாற்றியே ஆகவேண்டும் என்றால் வாரன்டி கார்டில் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பேட்டரிக்கு உரிய விலையைக் கழிக்கச் சொல்லி வாங்குங்கள்.

பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு படிந்திருப்பதைக் காட்டி மாற்றச் சொல்வதும் உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்தில் நாலு நாள் நின்றாலே டிஸ்க் துருப்பிடிக்கும். மேலோட்டமான துருவாக இருந்தால், காலி ரோட்டில் நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். ஆழமாகக் குழி விழுந்திருந்தால் கதை வேறு. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கை அழுத்தும் பேடில் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பேடு மாற்றவேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்தே விட்டுப்போன வண்டியில் பின்சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் எண்ணெய் கசியாவிட்டால் அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை.

நம்மூரில் ஆண்டுதோறும் காசு கரைவது ஏசியில்தான். "கேஸ் கொறஞ்சி போச்சு, நிரப்பிரலாம்" என்பார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. சட்டென்று குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த லீவுக்கும் அதே பில்தான். கேஸில் கைவைக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும்: பல வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டர், ரேடியேட்டர் பக்கத்து ஃபேன். ஃபில்டரில் எலி கூடு கட்டியிருந்தால் காற்றே வராது, அதைக் கேஸ் குறைவு என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை போட்டோ, சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடித்தோ கசியும் இடத்தைக் கண்ணால் காட்டச் சொல்லவேண்டும். உப்புக்காற்றுப் பகுதியில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கக் கண்டன்சர் அரித்துப்போவது சகஜம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மாற்றவேண்டும் என்றால் மட்டும் இரட்டைக் கவனம் தேவை. பல மாடல்களில் டேஷ்போர்டையே இறக்கவேண்டி வரும், பொருளைவிடக் கூலி மிஞ்சும், கழற்றிப் பூட்டியபின் கடகட சத்தம் வந்து சேரும். கசிவு அங்கேதான் என்று உறுதியாகாமல் சம்மதிக்க வேண்டாம். நிரப்பும்போது அரைமணி நேரமாவது வேக்யூம் இழுக்கவேண்டும், பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட கிராம் அளவுக்கு எடைபோட்டு ஏற்றவேண்டும். கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும்.

எலி கடித்த ஒயருக்கு முழு ஹார்னஸ் (ஒயர்த் தொகுப்பு) மாற்றச் சொன்னால் இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒன்றிரண்டு ஒயர் என்றால் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டாலே போதும். ஏர்பேக் ஒயரில் மட்டும் ஒட்டுவேலை கூடாது.

சர்வீஸ் எஸ்டிமேட்டில் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நியாயமான வரிகள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றத்தான் வேண்டும். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 3 முதல் 3.5 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அதற்குமேல் பில் போட்டிருந்தால் கேட்கலாம். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட்: தொந்தரவு இல்லாத வண்டியில் இவற்றை எஸ்டிமேட்டிலிருந்து வெட்டிவிடுங்கள். அண்டர்பாடி கோட்டிங் கடலோர வண்டிக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அடியில் சேறும் துருவும் இருக்க, கழுவிக் காயவைக்காமல் மேலே அடித்தால் ஈரம் உள்ளே சிக்கித் துரு வேகமாகப் பரவும். லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள். கழற்றிய பழைய பொருளையெல்லாம் டிக்கியில் போட்டுத் தரவேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதவைப்பது நல்லது. கூடுதல் வேலை எதுவானாலும் வாட்ஸ்அப்பில் படமும் விலையும் வந்தபின்தான்.

தேங்காய் விழுந்து பானெட் நசுங்கினால் உடனே இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடுவது பலருக்குப் பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், கிளெய்ம் போடாதவருக்கு அதில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-க்கு வரும். பிரீமியம் மாறாது என்று கொண்டால் அதற்குள் கையைவிட்டுப் போவது 10,000 ரூபாய். டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 6,000 ஆகும் என்றால் கைக்காசு கொடுப்பதே லாபம். போனஸ் புரொடெக்‌ஷன் (கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு) எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். வெளிநாட்டில் இருக்கும்போது பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அந்தப் போனஸ் மொத்தமாகப் போய்விடும்.

திரும்பிப் போகும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைக்கவும், பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கை நிரப்பி விட்டுப்போவது நல்லது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் பேட்டரியைக் கழற்றவேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு, அப்போதே ஏசியையும் போடச் சொல்லுங்கள். கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும்.