‘கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்’: சிறிய சிஎன்சி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கணினி தரும் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும், வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற சிறிய சிஎன்சி இயந்திரங்களுடன், கணினி இல்லாமலே கட்டளைகளை அனுப்பும், ‘பவர் ரெஸ்யூம்’ வசதி கொண்ட ஆஃப்லைன் கன்ட்ரோலர் என்ற ஒரு பெட்டியைத் தனி விலை வைத்து விற்கிறார்கள். மின்சாரம் போய் வந்தாலும் வேலை விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடரும், இரவில் அணைத்துவிட்டுக் காலையில் மீதியை முடித்துக்கொள்ளலாம் என்பவை விளம்பரத்தில் இருந்த வாசகங்கள். இணையம் வழியாக விற்கும் ஒரு நிறுவனத்திடம், 3018 என்று அழைக்கப்படும் வகை இயந்திரத்தையும் அந்தப் பெட்டியையும் சேர்த்து வாங்கினேன். பெட்டி பழுதாகியிருந்தால் மாற்றித் தரச் சொல்லியிருப்பேன், இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. அவர்கள் விற்ற அமைப்பில் அந்த வசதி வேலை செய்யவே வாய்ப்பில்லை என்பதும், அது விற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதும்தான் என் புகார்.

அந்த வசதிக்கு நான் ஏன் பணம் கொடுத்தேன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். தேக்குப் பலகையில் 200 மி.மீ. நீளமும் 150 மி.மீ. அகலமும் உள்ள ஒரு புடைப்புச் சிற்பத்தை, நுனி உருண்டையான 1 மி.மீ. பால்நோஸ் பிட்டை (வெட்டுமுனையை) கொண்டு 0.1 மி.மீ. இடைவெளியில் ஃபினிஷிங் எனும் இறுதிச் செதுக்கலைச் செய்தால், பிட் 1500 முறை குறுக்கே ஓட வேண்டும். மொத்தத் தூரம் 300 மீட்டர். நிமிடத்துக்கு 1000 மி.மீ. என்ற வேகத்தை இயந்திரம் முழுவதும் தக்கவைத்தாலே ஐந்து மணி நேரம் ஆகும், மேடு பள்ளங்களில் இசட் அச்சு ஏறி இறங்குவதால் உண்மையில் அதைவிட நெடுநேரம் பிடிக்கும். மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு மின்தடையைத் தவிர்த்துத் திட்டமிட முடியும். ஒரு நொடி போய் வரும் மின்சாரத்துக்கு என்ன திட்டமிடுவது?

அப்படி ஒரு நொடி போய் வந்த மின்சாரம்தான் உண்மையை வெளிக்கொண்டு வந்தது. பெட்டியின் திரையில் ‘தொடரவா?’ என்ற கேள்வி வந்தது, அவர்கள் தந்த கையேட்டில் சொல்லியிருந்தபடியே ஆம் என்று அழுத்தினேன். சுழலாத பிட், மரத்துக்குள் புதைந்த நிலையிலேயே, பலகையின் குறுக்கே கோணலாக இழுத்துச் செல்லப்பட்டு ஒடிந்தது. ரஃபிங் எனும் முதற்கட்டச் செதுக்கல் முடிந்து பாதி ஃபினிஷிங்கும் ஆகியிருந்த பலகை வீணாயிற்று.

இப்படி நடப்பது தற்செயல் இல்லை. இந்த வகை இயந்திரங்களின் போர்டில் பெரும்பாலும் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே பதிந்து அச்சுகளை இயக்கும் மென்பொருள். மின்சாரம் வந்து போர்டு உயிர்பெறும்போது, அச்சின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்சைத் தொட்டுத் தன் இடத்தை அறியும் ஹோமிங்கைச் செய்யாத இயந்திரத்துக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது, நிற்கும் இடத்தையே இயந்திரப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். வேலையின் பூஜ்ஜியப் புள்ளியில், பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலை நிறுத்தி இயந்திரத்தை இயக்கியிருந்தோம் என்றும், எக்ஸ் 90, ஒய் 70, ஆழம் 4 மி.மீ. என்ற இடத்தில் மின்சாரம் போனது என்றும் வைத்துக்கொள்வோம். மின்சாரம் திரும்பியதும் அந்த இடம் 0, 0, 0 ஆகிவிடுகிறது. பெட்டி அனுப்பும் அடுத்த வரி பழையபடி 90, 70, கீழே 4 என்று சொல்ல, பிட் இன்னுமொரு 90 மி.மீ. பக்கவாட்டிலும் 70 மி.மீ. முன்னோக்கியும் 4 மி.மீ. கீழும் நகரும்.

இத்துடன் இன்னொரு கோளாறும் சேர்கிறது. இயந்திரத்துக்கான கட்டளைகளை வரி வரியாகக் கொண்ட ஜிகோட் கோப்பில், வெட்டும் நகர்வைக் குறிக்கும் ஜி1, வேகம், ஸ்பின்டிலை ஓட்டும் எம்3 ஆகியவை பெரும்பாலும் தொடக்கத்தில் ஒருமுறைதான் வரும், பின்னால் வரும் ஆயிரக்கணக்கான வரிகளில் வெறும் அச்சு எண்கள் மட்டுமே இருக்கும். ரீசெட் ஆன ஜிஆர்பிஎல்லின் இயல்பு நிலையோ ஜி0, அதாவது வெட்டாமல் முழு வேகத்தில் நகர்வது. ஸ்பின்டில் அணைந்த நிலை. ஆகவே கோப்பின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் அனுப்பினால், நின்றுபோன பிட்டை அது முழு வேகத்தில் மரத்துக்குள் இழுக்கும். இந்தப் பெட்டி செய்வது அவ்வளவுதான்: கடைசியாக அனுப்பிய வரியின் எண்ணை எஸ்டி கார்டில் எழுதி வைத்து, பிறகு அங்கிருந்து அனுப்புகிறது. அந்த எண்கூடச் சரியானதில்லை. ஜிஆர்பிஎல் ஏறத்தாழ 15 நகர்வுகளை முன்கூட்டியே வாங்கித் தன்னிடம் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வதால், அனுப்பிய வரி வேறு, உண்மையில் வெட்டிக்கொண்டிருந்த வரி வேறு.

விற்பனையாளரின் செயல்முறைக் காணொளியை இதன் பிறகு மீண்டும் பார்த்தேன். ‘கரண்ட் போகிறது’ என்று பின்னணிக் குரல் சொல்லும் இடத்தில் பெட்டியின் திரை அணையவே இல்லை. அவர்கள் அழுத்தியது பாஸ் (இடைநிறுத்த) பொத்தானை. பாஸ் என்பது ஜிஆர்பிஎல்லுக்கு ‘!’ குறி அனுப்பி நிறுத்துவது; அது வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, நிலையை மறக்காமல் நிற்கும், ‘~’ அனுப்பினால் தொடரும். மின்சாரம் இருக்கும் வரை இது நம்பகமானது, எந்தப் பெட்டியும் இல்லாமல் இலவச மென்பொருளிலேயே கிடைப்பது. அதிலும் இரண்டு குறைகளை அவர்கள் சொல்லவில்லை. ‘!’ ஸ்பின்டிலை நிறுத்தாது, ஆகவே பிட் ஒரே இடத்தில் சுற்றி மரத்தைக் கருக்கும். மேலும், $1 என்ற அமைப்பு 255 ஆக இல்லாவிட்டால், நின்ற சற்று நேரத்தில், அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களின் பிடி தளர்ந்துவிடும். எனக்கு வந்த இயந்திரத்தில் அது 25 ஆக இருந்தது. அந்த நிலையில் ஸ்பின்டில் மீது கை பட்டாலே நிலை நகரலாம். இரவு முழுவதும் நிறுத்தி வைக்கலாம் என்று விளம்பரம் செய்தவர்கள் இதையாவது மாற்றி அனுப்பியிருக்க வேண்டாமா?

புகார் சொன்னபோது முதலில் கோப்பு தவறு என்றார்கள். கோப்பை அனுப்பியதும், வீட்டில் எர்த் சரியில்லை என்றார்கள். கடைசியாக, “லிமிட் ஸ்விட்ச் கிட் போட்டா சரியாயிடும் சார்” என்று அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். அவர்கள் அனுப்பிய ஆள் ஸ்விட்சுகளைப் பொருத்தி ஒயரை இணைத்துவிட்டுப் போனார், ஆனால் ஹோமிங்கை இயக்கும் $22 அமைப்பு 0 ஆகவே இருந்தது. அதை 1 ஆக்கிய பின்னும், அந்தப் பெட்டி தொடர்வதற்கு முன் ஹோமிங் கட்டளையை அனுப்புவதே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மின்னணுப் பொருள்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது.

மின்சாரம் போன பிறகு வேலையைத் தொடர வழி இல்லாமல் இல்லை, ஆனால் அது ஒரு பொத்தானில் நடப்பதன்று. ஹோமிங் இயங்கும் இயந்திரத்தில் வேலையின் பூஜ்ஜியத்தை ஜி54 என்ற ஆயப் பதிவில் பதிவு செய்திருந்தால் அது போர்டின் நினைவகத்தில் தங்கும். ஜி92 என்ற தற்காலிகக் கட்டளையால் வைத்தது தங்காது. மின்சாரம் வந்ததும் ஹோமிங் செய்தால் முதலில் இசட் மேலே ஏறிப் பிட்டை மரத்திலிருந்து விடுவிக்கும், பிறகு மற்ற அச்சுகள் தம் இடம் தேடும். பலகையில் முன்பே துளைத்து வைத்த ஓர் அடையாளத் துளையின் மேல் பிட் சரியாக வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நின்ற இடத்துக்குச் சில வரிசைகள் முன்பிருந்து, தொடக்க வரிகளையும் சேர்த்துக் கொடுத்து ஓட்ட வேண்டும். யுஜிஎஸ், ஜிசென்டர் போன்ற மென்பொருள்களில் குறிப்பிட்ட வரியிலிருந்து தொடங்கும் வசதி இருக்கிறது. நான் இப்போது நீண்ட வேலைகளைப் பட்டை பட்டையாகத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துவிடுகிறேன். இணையும் இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே இப்படிப்பட்ட வசதியைக் காசு கொடுத்து வாங்க நினைப்பவர்கள், நேரிலோ காணொளி அழைப்பிலோ, மரத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போது சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். திரை அணைய வேண்டும், மீண்டும் இயங்கியதும் ஹோமிங் நடக்க வேண்டும், ஸ்பின்டில் சுழலத் தொடங்கிய பிறகே பிட் மரத்தில் இறங்க வேண்டும். விளம்பர வாசகத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று விற்றவர் வாதிடக்கூடும். சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு வாங்கியவருக்கு அந்தச் சட்டமே விலக்கு தருகிறது.

நான் உதவி எண்ணில் பதிந்த புகாருக்கு நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, அடுத்ததாக ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்கிறேன். இதற்கிடையில் அதே பெட்டி ‘ஸ்மார்ட் கன்டின்யூ’ என்ற புதிய பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது, காணொளியும் பழையதே. படத்தில் உள்ள இயந்திரத்தின் எந்த அச்சிலும் லிமிட் ஸ்விட்ச் இல்லை.